சித்தியின் கட்டுரையும் என் எண்ணெய்க் கையும்

காந்திமதி, குமரேசா,

அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு இரண்டு பேரும் எனக்கு ஃபோன் போட்டீர்கள். காந்திமதி அழுதாள். குமரேசன், "யாரு எடுத்தான்னு மட்டும் சொல்லுங்கப்பா" என்று பல்லைக் கடித்தான். கல்லூரி மேடையில் உங்கள் அப்பன் ஒரு பேராசிரியரின் முதுகில் பாயைத் தட்டுவது போலத் தட்டிவிட்டுத் திருதிருவென்று முழிக்கிறான். சபை சிரிக்கிறது. அதோடு வீடியோ முடிந்துவிடுகிறது. யாரோ கீழே சிரிக்கிற பொம்மைகளாகப் போட்டு அனுப்ப, நம் தெரு வாட்ஸ்அப் குரூப் வரைக்கும் வந்துவிட்டது.

ஃபோனில் என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. எனக்கு எதுவும் ஆற அமரத்தான் வரும். போன வாரம் இதே பக்கத்தில் மசாஜ் பெஞ்சை வெள்ளம் கொண்டுபோன கதையை எழுதினேன். படித்தவர்களும் "பெஞ்சு கிடக்கட்டும், அந்த வீடியோ சங்கதி என்ன?" என்றுதான் கேட்கிறார்கள். ஆகவே இந்த வாரம் அது. வீடியோ நின்ற பிறகுதான் விஷயமே நடந்தது, பிள்ளைகளா.

மைக் முன்னால்

முதலில் அந்த மேடையைச் சொல்கிறேன். வெளியே சாரல். ஜன்னல் கம்பிகளில் தண்ணீர் கோத்து நிற்கிறது. உள்ளே மின்விசிறிச் சத்தம், பூங்கொத்து வாசனை, ஈரச் செருப்பு வாசனை. மேடையில் ஒரு பழைய மேசை. அதில் கைகளை மடக்கி வைத்து, தலையைக் கவிழ்த்து, பனியனோடு ஒரு பேராசிரியர் உட்கார்ந்திருக்கிறார். அவருக்குப் பின்னால் நான், புதுச் சட்டை போட்டு, கை நிறைய எண்ணெயோடு. பக்கத்தில் மைக் முன்னால் உங்கள் மல்லிகா சித்தி.

"அத்தான், தட்டுங்க" என்றாள்.

இத்தனை வருஷமாக எத்தனையோ முதுகு பார்த்த கை. எழும்ப மாட்டேன் என்றது.

தூக்குச்சட்டியோடு வந்தவள்

புதிதாகப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் குற்றாலத்தில் அருவிக்குப் போகிற வழியில் எண்ணெய் தேய்த்து மசாஜ் செய்கிறவன். படிப்பு எட்டாம் வகுப்பு. மல்லிகா என் மனைவி பார்வதியின் தங்கை. ஆலங்குளத்தில் ஒரு பள்ளியில் பாட்டு டீச்சர். வேலை பார்த்துக்கொண்டே இசையில் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறாள். அவளுடைய ஆராய்ச்சி என் கையிலிருந்துதான் ஆரம்பித்தது.

ஒரு சீசனில் பார்வதிக்குக் காய்ச்சல். எனக்குச் சோறு கொண்டுவர மல்லிகா வந்தாள். நான் ஒருவருக்குத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அவள் தூக்குச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு சுவரில் உட்கார்ந்தாள். பார்த்தால், விரலால் சட்டி மூடியில் என்னமோ தட்டுகிறாள்.

"அத்தான், இது என்ன தாளம் போடுதீய?"

"தாளமா? அண்ணாச்சிக்கு இடுப்புல வாயு. அதைத் தட்டி எடுக்கேன்."

"இல்லத்தான். தோள்ல மூணு மூணா போவுது. நடுமுதுகுல நாலாயிருது. கடைசில பாத்தா அஞ்சு."

படுத்திருந்த அண்ணாச்சி தலையைத் தூக்கினார். "ஏம்மா, எண்ணி எண்ணி அடிக்காரா? அதான் இந்த வலி வலிக்கா?"

அன்றைக்கு எல்லோரும் சிரித்தோம். மல்லிகா மட்டும் சிரிப்பை முடித்துவிட்டு மறுபடி மூடியில் தட்டிப் பார்த்தாள். அந்த முகம் எனக்கு நினைவிருக்கிறது. ஏதோ வாசனை பிடித்த முகம்.

போலீஸா நீங்க?

அதற்கப்புறம் இரண்டு சீசன், பள்ளி விடுமுறை நாளெல்லாம் அவள் என் பெஞ்சுக்குப் பக்கத்தில்தான். கையில் செல்ஃபோன். வருகிறவர்களிடம் அனுமதி கேட்டுத்தான் பதிவு செய்வாள். ஆனாலும் சிலருக்குப் பயம்.

"போலீஸா நீங்க?" என்று ஒருத்தர் துண்டை எடுத்துக்கொண்டு எழுந்தே போய்விட்டார்.

செங்கோட்டைக்கு மேற்கேயிருந்து வருகிற மலையாளத்துக்காரர்களுக்கு அந்தக் கவலை கிடையாது. நாலு தட்டு ஓங்கி விழுந்தால் "மதி, மதி" என்பார்கள். போதும் என்று அர்த்தம். நிறுத்தினால், "எந்தா நிர்த்தியது?" என்று கோபித்துக்கொள்வார்கள். மல்லிகா அதையும் பதிவு செய்தாள்.

உங்கள் அம்மா அவளைச் சும்மா விடுவாளா? "ஊர்ல ஒவ்வொருத்தி வீணையைத் தூக்கிட்டுப் போறா. நீ எண்ணெய்ப் பாட்டிலைத் தூக்கிட்டுப் போ. பட்டம் குடுக்கும்போது சீயக்காயும் சேத்துக் குடுப்பாவ" என்பாள். ஆனால் மல்லிகா ராத்திரி பகல் பார்க்காமல் எழுதும்போது காப்பி போட்டுக் கொடுத்ததும் அவள்தான்.

ஒருநாள் மல்லிகா என் காதில் ஹெட்ஃபோனை மாட்டினாள். அருவி இரைச்சல், ஜனங்களின் சத்தம், எங்கள் பேச்சு எல்லாவற்றையும் ஏதோ ஆப் வைத்துக் களைந்துவிட்டு, தட்டுகிற சத்தத்தை மட்டும் வைத்திருந்தாள். கேட்டேன். ஆள் இல்லாத வீட்டுக் கதவை யாரோ தட்டுகிற மாதிரி இருந்தது. போகப் போக ஒரு ஒழுங்கும் தெரிந்தது. எனக்கே ஆச்சரியம்.

"நடுவுல நடுவுல நின்னு போவுதே, அது என்ன புள்ள?"

"அது உங்களுக்குக் கை களைக்கிற எடம். கட்டுரைல அப்படித்தான் எழுதியிருக்கேன்."

எனக்கும் அப்படித்தான் பட்டது. கை என்றால் களைக்கத்தானே செய்யும்?

ஒரே ஒரு வாய்ப்பு

சந்தோஷமாகப் போய்க்கொண்டிருந்ததில் ஒருநாள் மல்லிகா வீட்டுக்கு வந்து வாசற்படியிலேயே உட்கார்ந்தாள். அவளுக்கு வழிகாட்டியாக இருக்கிற பேராசிரியை நல்ல அம்மா. ஆனால் அவருக்கு மேலே இருக்கிற குழுவில், இது இசை ஆராய்ச்சியே இல்லை என்று சொல்லிவிட்டார்களாம்.

"தென்காசிப் பக்கத்துல ஒரு கருத்தரங்கு நடக்கு அத்தான். அங்க கட்டுரை வாசிக்கணும். பெரிய ஆளுக வருவாவ. அவங்க இதை ஏத்துக்கிட்டா இந்தத் தலைப்பு நிக்கும். சிரிச்சுட்டாங்கன்னா எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு வேற தலைப்பு எடுக்கணும். முதல்ல இருந்து."

"சிரிப்பாவளா?"

"தெரியலையே."

அப்புறம்தான் கேட்டாள். "நீங்க வந்து செஞ்சு காட்டுவீங்களா?"

பிள்ளைகளா, எனக்குக் கல்யாண மேடையில் ஏறினதே கடைசி. ஆனால் அவள் கேட்ட விதத்தில் மறுக்க முடியவில்லை. என்னோடு வேலை பார்க்கிற சுடலை முதுகு காட்ட வருவதாக ஒப்புக்கொண்டான். முந்தின நாள் மல்லிகா ஒன்று மட்டும் படித்துப் படித்துச் சொன்னாள்.

"அத்தான், மேடையில வாயைத் திறந்துராதீங்க. மைக்ல பேச்சு விழுந்தா தட்டு கேக்காது."

"சரி" என்றேன். அந்தச் "சரி"யை நான் எவ்வளவு ஒழுங்காகக் காப்பாற்றினேன் என்பதுதான் நீங்கள் பார்த்த வீடியோ.

முதுகைத் தட்டினால்

கருத்தரங்கு அன்று காலையில் சுடலை ஃபோனை எடுக்கவில்லை. சீசன் நேரம், கூட்டம் அள்ளிவிட்டது. அவனைக் குற்றம் சொல்லவும் முடியாது.

மல்லிகா கட்டுரையை வாசித்தாள். எனக்குப் பாதி புரியவில்லை. "எண்ணெய்த் தேய்ப்பில் தாள நடைகள்" என்று திரையில் எழுத்து வந்தது. அதில் என் கையின் படமும் வந்தது. நகத்தை வெட்டிவிட்டு எடுத்திருக்கலாம் என்று தோன்றியது.

அவள் வாசித்து முடித்ததுமே முன்வரிசையில் ஒரு பேராசிரியர் எழுந்தார். கட்டை குட்டையான ஆள், பெரிய மீசை. மதுரையிலிருந்து வந்தவர்.

"அம்மா, மாவு ஆட்டினாலும் ஒரு சீர் வரும். தையல் மெஷினிலும் வரும். அதெல்லாம் இசையா? கையைத் தட்டினால் தாளம். முதுகைத் தட்டினால் அடி."

சபை சிரித்தது. மல்லிகாவின் வழிகாட்டி குனிந்து கைப்பையில் எதையோ தேடினார். ஒன்றும் தேடவில்லை என்று எனக்குத் தெரியும்.

"ஐயா, கேட்டுட்டுச் சொல்லுங்க. இவர் செய்து காட்டுவார்" என்றாள் மல்லிகா. சொன்ன பிறகுதான் சுடலை வரவில்லை என்பது அவளுக்கு நினைவு வந்தது. சபையைச் சுற்றிப் பார்த்தாள். யாரும் அசையவில்லை.

அந்த மீசைக்காரரே மேடை ஏறினார். "என் முதுகுலேயே தட்டச் சொல்லுங்க. பஸ்ஸில் உட்கார்ந்து வந்து கழுத்து பிடிச்சுக் கிடக்கு" என்று சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டார். பையன்கள் விசில் அடித்தார்கள்.

மேசை முன்னால் உட்கார்ந்து தலையைக் கவிழ்த்துக்கொண்டார். கழுத்தில் எண்ணெய் ஊற்றினேன். மல்லிகா "தட்டுங்க" என்றாள். மூன்று மூன்றா, நாலு நாலா? முதலில் வலது கையா, இடது கையா? எனக்கு எண்ணிக்கைதான் மண்டைக்குள் ஓடியது. தட்டினேன். பாயில் தூசி தட்டுகிற மாதிரி விழுந்தது. மறுபடி தட்டினேன். அது அதைவிட மோசம்.

அந்தச் சிரிப்பைத்தான் நீங்கள் பார்த்தீர்கள்.

எந்த ஊரு?

நான் மல்லிகாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. கையிலிருந்த காகிதங்களை ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள். கட்டி எடுத்துக்கொண்டு கிளம்புகிறவள் மாதிரி.

அப்போது மேசையிலிருந்து, கவிழ்ந்த தலைக்குள்ளிருந்து ஒரு குரல்.

"அண்ணாச்சிக்கு எந்த ஊரு?"

பேசக் கூடாது என்று சொல்லியிருக்கிறாள். ஆனால் ஊர் கேட்ட மனுஷனுக்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியுமா?

"நமக்கு ராயகிரி. இப்ப இங்கனதான் இருக்கோம். ஐயாவுக்கு?" என்றேன். கை ஒரு தட்டுத் தட்டியது.

"ஆலங்குளத்துக்கு அங்கிட்டு. இப்ப மதுரை."

"மதுரையில வெயிலுல்லா!" இரண்டு தட்டு.

"வெயிலா? மண்டை வெந்துரும்."

"புள்ளைக?"

"ஒரே மக. வெளிநாட்டுல இருக்கா."

"பேரம் பேத்தி எடுத்தாச்சா?"

"ஒரு பேரன். ஃபோன்ல காட்டுதா. தூக்க முடியலல்லா."

அதற்கு மேல் நான் தட்டவில்லை. கை தானாகப் போய் அவர் தோளில் இருந்துகொண்டது. கொஞ்ச நேரம் கழித்து, "வருவாவ, வருவாவ" என்றேன். மெதுவாக இரண்டு தட்டு. அப்புறம் கழுத்துக்கு ஏறி, முதுகுக்கு இறங்கி, கை பாட்டுக்கு ஓட ஆரம்பித்தது. சபை, மைக், கட்டுரை எல்லாம் எனக்கு மறந்துபோனது. அவருடைய இடது தோளில் ஒரு முடிச்சு இருந்தது. அது மட்டும்தான் தெரிந்தது.

"அத்தான், நிப்பாட்டுங்க!" என்று மல்லிகா கத்தினாள்.

"ஏம்மா, நல்லாத்தானே போவுது!" என்றார் பேராசிரியர், தலையைத் தூக்காமலே.

அவள் சொன்னது

மல்லிகா மைக்கைப் பிடித்தாள்.

"எல்லாரும் மன்னிக்கணும். நான் வாசித்த முடிவு தப்பு. நடுவில் வருகிற இடைவெளியை நான் கைக் களைப்பு என்று எழுதியிருக்கிறேன். அது களைப்பு இல்லை. கேள்வி கேட்டுவிட்டு, கை பதிலுக்காக நிற்கிறது. நான் பேச்சை இரைச்சல் என்று வெட்டிவிட்டேன். இத்தனை நாளும் பாதியைத்தான் கேட்டிருக்கிறேன். பாதியைத்தான் உங்கள் முன்னால் வைத்தேன்."

இரண்டு சீசன் உட்கார்ந்து எழுதினதைத் தன் வாயாலேயே தப்பு என்கிறாளே! அதுவும் இந்தப் பெரிய மனுஷர்களுக்கு நடுவில்! யாரும் கண்டுபிடிக்கவில்லை. சொல்லாமல் இறங்கியிருந்தால் அந்த முடிவு அப்படியே நின்றிருக்கும்.

அவள் தன் ஃபோனில் தேடி ஒரு பதிவை எடுத்தாள். வெட்டாமல் தப்பித்த ஒன்று. அதை மைக்கில் வைத்தாள். அருவி இரைச்சல் அரங்கு முழுக்க வந்தது. திருவேங்கடத்திலிருந்து வந்த ஒரு லாரி டிரைவரிடம் நான் கேட்கிறேன்:

"உங்க பக்கம் மழை உண்டுமா?"

தட் தட். அப்புறம் ஒரு இடைவெளி.

"எங்க அண்ணாச்சி! மேகம் பாத்துட்டுப் போயிருது."

தட்.

அரங்குக்குத் தலைமை தாங்கிய அம்மா மெலிந்த உடம்புக்காரர், கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிறவர். "அதை மறுபடி போடு" என்றார். போட்டாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அவர் விரல் மேசையில் அசைந்தது. டிரைவர் பதில் சொல்கிற இடத்தில் விரல் நின்றது.

"அப்படியென்றால் உன் கட்டுரையின் முடிவு என்ன?"

"இப்ப முடிவு இல்லம்மா."

"பழைய பதிவெல்லாம் இருக்கிறதா?"

"இது ஒண்ணைத் தவிர, பேச்சை வெட்டினதுதான் இருக்கு. ஃபோன்ல இடம் இல்லன்னு மூலத்தை அழிச்சிட்டேன்."

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு, "இல்லாத முடிவை இருக்கிறதாக வாசித்துவிட்டுப் போகாமல் நின்றாயே, அது போதும். திரும்பவும் பதிவு செய். பேச்சோடு கொண்டு வா. நான் கேட்கிறேன்" என்றார்.

மீசைப் பேராசிரியர் எழுந்து சட்டையை மாட்டினார். எல்லோரும் அவர் வாயைப் பார்த்தார்கள். கழுத்தை இந்தப் பக்கம் திருப்பினார். அந்தப் பக்கம் திருப்பினார்.

"இது இசையா இல்லையான்னு நான் இன்னும் சொல்ல மாட்டேன். கழுத்து திரும்புது. இப்போதைக்கு அதை எழுதிக்கிடுங்க."

சபை மறுபடி சிரித்தது. இந்தச் சிரிப்பை ஏன் யாரும் வீடியோ எடுக்கவில்லை என்று எனக்குத் தெரியவில்லை.

சாப்பாட்டு வரிசையில்

வராந்தாவில் மல்லிகாவின் வழிகாட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "தலைப்பை மாத்த வேண்டாம். குழுவுல நான் பேசிக்கிறேன். ஆனா இனிமே நீ தட்டை எண்ணாதே. முதல்ல அவங்க என்ன பேசுறாங்கன்னு கேளு." சொல்லிவிட்டு வேகமாகப் போய்விட்டார். அவர் கண் கலங்கியிருந்தது என்று நினைக்கிறேன். மல்லிகா, அது வெங்காயம் என்கிறாள். சமையல் கூடம் பக்கத்தில்தான் இருந்தது.

"இன்னும் ரெண்டு சீசன் உங்க பெஞ்சுல உக்காரணும் அத்தான். அக்கா அடிக்க வருவா" என்றாள். அழுதுகொண்டேதான் சிரித்தாள்.

சாப்பாட்டு வரிசையில் எனக்கு முன்னால் பேராசிரியர் நின்றார். எனக்கு ஒன்று கேட்க வேண்டியிருந்தது. எனக்குக் கை வரவில்லை என்று தெரிந்துதான் ஊர் கேட்டாரா?

"நீங்க முதல்ல தட்டுன தட்டு இருக்கே, உயிர் போயிட்டு அண்ணாச்சி" என்றார். "பேச்சுக் குடுத்தா கொஞ்சம் மெதுவாத் தட்டுவீங்களோன்னு பாத்தேன்."

அவ்வளவுதான். ஆனாலும் அவருக்கு நான் நன்றிக்கடன் பட்டவன். சபையில் எதிர்த்துப் பேசின மனுஷன், சட்டையைக் கழற்றிக்கொண்டு என் கைக்குக் கீழே வந்து உட்கார்ந்தாரே, அதற்கு. கண்ணை மூடிக் கேட்ட அந்த அம்மாவுக்கு நன்றி. எல்லாருக்கும் மேலே மல்லிகாவுக்கு. நான் ஊர் கேட்பதும் பிள்ளை கேட்பதும் வாய் சும்மா இருக்காத பழக்கம் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். அதைக் கேட்பதற்காக ஒருத்தி இன்னும் இரண்டு சீசன் சாரலில் நனையத் தயாராக இருக்கிறாள். ஒரு மனுஷனுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆகவே, குமரேசா, வீடியோ எடுத்தவனை விட்டுவிடு. அவனுக்குப் பாதிதான் கிடைத்தது, பாவம்.

மேசை

சாப்பிட உட்காரும் முன் எண்ணெய்ப் பாட்டிலை மேடையிலேயே விட்டுவந்தது நினைவு வந்தது. திரும்பிப் போனேன். அரங்கில் யாரும் இல்லை. மின்விசிறிகள் நின்றிருந்தன. கழுத்து எண்ணெய் கை வழியே இறங்கி, பேராசிரியர் கை வைத்திருந்த இடத்தில் மேசையில் இரண்டு நீள எண்ணெய்க் கறை.

துண்டால் துடைத்தேன். போகவில்லை. அழுத்தித் துடைத்தேன். மரம் எண்ணெயைக் குடித்துவிட்டது. அந்த இடம் மட்டும் கறுத்துத் தெரிந்தது. மத்தியானம் இன்னொரு பிள்ளை அங்கே நின்று கட்டுரை வாசிக்க வேண்டும். மல்லிகா வந்துபோன இடம் கறையாகத் தெரியக் கூடாது.

கதவைச் சாத்திவிட்டுப் புதுச் சட்டையைக் கழற்றி ஜன்னலில் மாட்டினேன். பாட்டிலில் இருந்த மிச்சத்தை மேசை முழுக்க ஊற்றி, இரண்டு கையாலும் ஓரத்திலிருந்து ஓரம் வரை தேய்த்தேன். மேசைக் கால்களுக்கும் தேய்த்தேன். பிறகு துண்டை மடித்து மடித்து, காகிதம் வைத்தாலும் ஒட்டாத அளவுக்குத் துடைத்தேன். வருஷக்கணக்கான மையும் தூசியும் துண்டோடு வந்துவிட்டது. கறை எங்கே இருந்தது என்று எனக்கே தெரியவில்லை.

அடியில் நல்ல மஞ்சள் நிறம். பலா மரம்.

சட்டையைப் போட்டுக்கொண்டு, சாப்பிடப் போனேன்.